பெரிய உரைக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றுவது எப்படி? ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால், மண்டிகளுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் நிரல் எழுதித் தரும் எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்களிடம் ஒரே கேள்வி பல உருவங்களில் வந்து சேரும். எடைமேடைக் கருவி நொடிக்கு ஐந்து முறை எடையைக் கணினிக்கு அனுப்புகிறது. அங்குள்ள நிரல் ஒவ்வொன்றையும் 40 பைட் நீளமுள்ள ஒரு வரியாக எழுதி வைக்கிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 1,72,80,000 பைட்டுகள் சேரும். இரவு பகலாக ஓடும் 120 நாள் சீசனில் அது 207 கோடி பைட்டுகளைத் தாண்டும். அந்தக் கோப்பின் நடுவில் எங்கோ ஒரு வரியில் ஊர்ப் பெயர் தவறாக இருக்கிறது. அதை மட்டும் திருத்த வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையைப் பற்றி எங்களிடம் படிக்க வரும் மாணவர்களும் கணக்கர்களும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் சூழலுக்கானவை, உலாவிக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

மாற்ற வேண்டியது ஒரு வரிதானே, அதற்கு ஏன் முழுக் கோப்பையும் மறுபடி எழுதச் சொல்கிறீர்கள்?

கோப்பு முறைமையைப் பொறுத்தவரை வரி என்று ஒன்று கிடையாது. கோப்பு என்பது முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக நிற்கும் பைட்டுகள்; அவற்றுள் 10 என்ற மதிப்புள்ள பைட் வரும் இடத்தை வரி முடிவு என்று நாம் வழக்கமாகக் கொள்கிறோம், அவ்வளவே. விண்டோஸில் உருவான கோப்புகளில் 10க்கு முன்னால் 13 என்ற பைட்டும் நிற்கும். நெரிசலான பேருந்தில் நடு இருக்கையில் இருப்பவர் எழுந்து, அவர் இடத்தில் அதே பருமனுள்ளவர் உட்கார்ந்தால் யாரும் நகர வேண்டியதில்லை. இரண்டு பேர் உட்கார வந்தால் பின்னால் இருப்பவர்கள் அனைவரும் நகர்ந்தாக வேண்டும். கோப்பில் அப்படித் தானாக நகர்பவர் எவருமில்லை. புதிய வரி பழைய வரியைவிட ஒரு பைட் கூடினாலும், அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு பைட்டையும் ஓரிடம் தள்ளி நாமே எழுத வேண்டும்.

நீளம் சரியாகப் பொருந்தும்போது மட்டும் இந்தச் சுமை இல்லை. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தின் பெயரே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கோப்பு முழுவதையும் ரீட்ஃபைல் கொண்டு படித்து, வரிகளாகப் பிரித்து, ஒன்றை மாற்றி, திரும்ப எழுதினால் என்ன?

சில எம்பி அளவுள்ள கோப்பு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். நான்கு வரியில் முடியும் வேலைக்கு நாற்பது வரி எழுதுவது பெருமையல்ல.

பெரிய கோப்பில் அது நடக்காது. நோட்டின் உள்ளே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் வி8 பொறியில், 64 பிட் கணினியில், ஒரு சரத்தின் (நினைவகத்தில் வைக்கும் உரையின்) நீளம் 53,68,70,888 எழுத்தலகுகளைத் தாண்ட முடியாது. நம் 207 கோடி பைட் கோப்பு அதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. எத்தனை ஜிபி நினைவகம் வாங்கிப் போட்டாலும் சரம் உருவாகாமல் பிழையே வரும். வரம்புக்குள் இருக்கும் கோப்பிலும் ஒரு தொல்லை உண்டு. ஆங்கில எழுத்தும் எண்களும் மட்டுமே உள்ள சரத்துக்கு வி8 எழுத்துக்கு ஒரு பைட் ஒதுக்கும். அதனுள் ஒரேயொரு தமிழ் எழுத்து இருந்தாலும் சரம் முழுவதற்கும் எழுத்துக்கு இரண்டு பைட் ஒதுக்கும். பிறகு அதைப் பல லட்சம் துண்டுகளாகப் பிரித்து ஓர் அணியில் வைக்கும்போது நினைவகத் தேவை இன்னும் ஏறும். மண்டிகளில் மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் 4 ஜிபி கணினிகளில் இதைச் செய்தால் எடைச் சீட்டு அச்சாவதே நின்றுவிடும்.

அப்படியானால் சரியான முறை எது?

பழைய கோப்பைச் சிறு சிறு துண்டுகளாகப் படித்து, அதே கோப்புறையில் வேறொரு தற்காலிகக் கோப்பில் எழுதிக்கொண்டே செல்ல வேண்டும். மாற்ற வேண்டிய வரி வரும்போது அதற்குப் பதிலாகப் புதிய வரியை எழுத வேண்டும். எல்லாம் முடிந்து, தற்காலிகக் கோப்பு வட்டில் முழுமையாகப் பதிந்த பிறகு, அதைப் பழைய கோப்பின் பெயருக்கு ரீநேம் செய்ய வேண்டும். கோப்பைத் துண்டு துண்டாகப் படித்துத் தரும் கிரியேட்ரீட்ஸ்ட்ரீம் இயல்பாக ஒரு தடவைக்கு 64 கேபி, அதாவது 65,536 பைட்டுகள் மட்டுமே படிக்கும் என்பதால், கோப்பு 2 ஜிபி ஆனாலும் 20 ஜிபி ஆனாலும் நினைவகச் செலவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

இதைச் செய்ய இரண்டு வழிகள் உள்ளன. ரீட்லைன் தொகுதியைக் கொண்டு வரி வரியாகப் படித்து, எண்ணிக்கொண்டே வந்து, வேண்டிய எண் வரும்போது மாற்றுவது முதல் வழி. நோட் 18.11 முதல் திறந்த கோப்பின் மீதே ரீட்லைன்ஸ் என்று அழைத்தும் இதைப் பெறலாம். படிக்க எளிது, பிறருக்கு விளக்கவும் எளிது. ஆனால் ரீட்லைன் ஒவ்வொரு வரியின் முடிவுக் குறியையும் நீக்கிவிட்டுத்தான் நம்மிடம் தருகிறது. அது 10 மட்டுமா, 13உம் 10உம் சேர்ந்ததா என்பதும், கடைசி வரிக்குப் பின் முடிவுக் குறி இருந்ததா என்பதும் நமக்குத் தெரியாமல் போகின்றன. நாம் எல்லா வரிக்கும் 10ஐ மட்டும் சேர்த்து எழுதினால், ஒரு வரியை மாற்றப் போய் ஐந்து கோடி வரிகளை மாற்றியவர்களாகிறோம்.

ஆகவே நான் இரண்டாம் வழியையே விரும்புகிறேன். கோப்பைப் பைட்டுகளாகவே படித்து, 10 என்ற பைட்டை மட்டும் எண்ணி, மாற்ற வேண்டிய வரி எந்தப் பைட்டில் தொடங்கி எந்தப் பைட்டில் முடிகிறது என்ற இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு தொடக்கம் வரை உள்ளவற்றை அப்படியே நகலெடுத்து, புதிய வரியை எழுதி, முடிவுக்குப் பின் உள்ளவற்றை அப்படியே நகலெடுக்க வேண்டும். மற்ற வரிகளைத் தொடவே இல்லை. அவற்றில் என்ன குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) இருந்தாலும் நமக்குக் கவலையில்லை. கிரியேட்ரீட்ஸ்ட்ரீமுக்கு ஸ்டார்ட், எண்ட் என்று இரண்டு எண்கள் கொடுக்கலாம். அவற்றுள் எண்ட் என்ற பைட்டும் படிக்கப்படும் என்பதை மறந்தால் புதிய வரிக்கு முன்னால் பழைய வரியின் முதல் பைட் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்தப் பிழையை என் கடையில் பார்க்காத சீசன் இல்லை.

தமிழ் எழுத்துகள் உள்ள கோப்பில் 10 என்ற பைட்டைத் தேடினால், ஓர் எழுத்தின் நடுவில் அது தற்செயலாக அகப்படாதா?

யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அகப்படாது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். அந்த மூன்றும் 128 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புடையவை. யூடிஎஃப்-16இல் சேமித்த கோப்புக்கு இந்த உறுதி இல்லை. அதை முதலில் யூடிஎஃப்-8க்கு மாற்றிக்கொள்வது நல்லது.

துண்டு துண்டாகப் படிக்கும்போது சில தமிழ் எழுத்துகள் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியாக மாறுகின்றன. ஏன்?

ஒரு துண்டு 65,536 பைட். அதை மூன்றால் வகுத்தால் 21,845 போக ஒன்று மிஞ்சும். தொடர்ந்து தமிழாகவே உள்ள கோப்பில் முதல் துண்டின் கடைசிப் பைட், ஓர் எழுத்தின் முதல் மூன்றில் ஒரு பங்காக அறுபட்டு நிற்கிறது என்பது இதன் பொருள். துண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக டூஸ்ட்ரிங் கொண்டு சரமாக்கினால், அறுந்த இரு பக்கமும் செல்லாத பைட்டுகளாகக் கருதப்பட்டு மாற்றுக் குறிகளாகிவிடும். அதைத் திரும்ப எழுதினால் மூல எழுத்து நிரந்தரமாகப் போய்விடும். ஸ்ட்ரீமின் மீது செட்என்கோடிங் என்று யூடிஎஃப்-8ஐ அறிவித்தால், அறுபட்ட பைட்டுகளை நோட் தானே வைத்திருந்து அடுத்த துண்டுடன் சேர்த்துத் தரும். ஆங்கிலக் கோப்புகளை மட்டுமே வைத்துச் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்பவர்களிடம் இந்தப் பிழை பல மாதங்கள் ஒளிந்திருக்கும். மேலே சொன்ன பைட் வழியில் சரமாக மாற்றும் பேச்சே இல்லை என்பதால் இது எழாது.

கோப்பை நகலெடுக்காமல், இருந்த இடத்திலேயே மாற்றவே முடியாதா?

பழைய வரியும் புதிய வரியும் பைட் கணக்கில் சம நீளமாக இருந்தால் முடியும். கோப்பைப் படிக்கவும் எழுதவும் இடம் தரும் 'ஆர் பிளஸ்' என்ற முறையில் திறந்து, எந்தப் பைட்டிலிருந்து எழுத வேண்டும் என்ற எண்ணையும் கொடுத்து எழுதினால், அந்த இடம் மட்டும் மாறும்; 207 கோடி பைட் கோப்பிலும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

நம் மாவட்டத்தின் பெயரை அரசு ஆவணங்கள் தருமபுரி என்று எழுதுகின்றன. கடைப் பலகைகளிலும் பேருந்துகளிலும் தர்மபுரி என்பதும் ஏராளம். எடைமேடை நிரலில் யாரோ 'இடம்: தர்மபுரி' என்று பதித்திருக்கிறார், ஆலையின் தணிக்கையாளரோ ஆவணத்தில் உள்ளபடி தருமபுரி என்றே இருக்க வேண்டும் என்கிறார். இரண்டு சொற்களையும் நெருங்கிப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஐந்து எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்டில் லெங்த் கேட்டால் இரண்டுக்கும் 8 என்று வரும், ஏனென்றால் புள்ளியும் உகர, இகரக் குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். பைட் எண்ணிக்கை சொல்லும் பஃபரின் பைட்லெங்த் கேட்டால் இரண்டுக்கும் 24. வேறுபாடு மூன்றாவது குறியீட்டில் மட்டுமே: ஒன்றில் மெய்ப்புள்ளி, மற்றதில் உகரக் குறி. மெய்ப்புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. உகரக் குறியின் பைட்டுகள் 224, 175, 129. அதாவது அந்தச் சொல்லின் ஒன்பதாவது பைட்டில் 141ஐ அழித்து 129 என்று எழுதினால் தர்மபுரி தருமபுரி ஆகிவிடும். இரண்டு ஜிபி கோப்பில் ஒரே ஒரு பைட்! ஒசூர் என்று தவறாக அடித்ததை ஓசூர் என்று திருத்துவதும் இதே கணக்குதான். அங்கே மூன்றாவது பைட் 146 என்பது 147 ஆகும்.

புதிய வரி குறைவாக இருந்தால் வரியின் கடைசியில் வெற்றிடங்களை இட்டு நிரப்பலாம். கிருஷ்ணகிரி 33 பைட், தருமபுரி 24. எனவே ஒன்பது வெற்றிடங்கள். இந்தக் கோப்பைப் படிக்கும் அடுத்த நிரல் வரிக் கடைசி வெற்றிடத்தைப் பொறுத்துக்கொள்ளுமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். புதிய வரி அதிகமாக இருந்தால் இந்த வழி அடைபட்டது. அடுத்த வரியின் தலையில் ஏறி எழுதிவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. நடுவில் கரண்ட் போனால், பாதி பழையதும் பாதி புதியதுமான வரி மிஞ்சக்கூடும். ஒரு பைட் திருத்தத்தில் அந்த அபாயம் இல்லை என்றே சொல்லலாம். நீளமான வரியில் உண்டு.

எல்லா வரிகளும் சம நீளமாக இருக்கின்றன. அப்போதும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டுமா?

வேண்டாம். வரி முடிவுக் குறியையும் சேர்த்து 40 பைட் என்றால், 18,42,317ஆவது வரி 18,42,316 × 40 = 7,36,92,640ஆவது இடத்தில் தொடங்கும். நேராக அங்கே போகலாம். இடையில் ஒரே ஒரு வரி நீளம் பிறழ்ந்திருந்தாலும் கணக்கு அதற்குப் பின் முழுவதும் தவறிவிடும். ஆகவே எழுதுவதற்கு முன் அந்த 40 பைட்டையும் படித்து, நாம் நினைத்த வரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே கோப்பைப் படிக்கவும் எழுதவும் திறந்தேன். கோப்பு காலியாகிவிட்டது. என்ன நடந்தது?

'டபிள்யூ' என்ற முறையில் திறந்த அந்தக் கணமே கோப்பின் நீளம் சுழியாக்கப்படுகிறது. படிக்கும் ஸ்ட்ரீம் வந்து பார்க்கும்போது படிக்க எதுவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்டியில் இதே தவறை நானே செய்திருக்கிறேன். முந்தைய நாள் மாலை பென்டிரைவில் எடுத்த நகல் இருந்ததால் தப்பித்தேன். அன்றைய நாளின் வண்டிகளை மட்டும் எடைச் சீட்டின் அடிக்கட்டைகளைப் பார்த்து இரவு பதினொரு மணி வரை ஒவ்வொன்றாக அடித்தோம். மண்டிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து மூலக் கோப்பை 'ஆர்' அல்லது 'ஆர் பிளஸ்' தவிர வேறெந்த முறையிலும் நான் திறப்பதில்லை.

தற்காலிகக் கோப்பை ஏன் அதே கோப்புறையில் வைக்கச் சொல்கிறீர்கள்?

ஒரே வட்டுப் பகுதிக்குள் ரீநேம் செய்வது, லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில், பாதியில் நிற்காத செயல்: பார்ப்பவருக்குப் பழைய கோப்பு தெரியும், அல்லது புதிய கோப்பு தெரியும், இடைப்பட்ட நிலை தெரியாது. வேறு வட்டுப் பகுதியிலோ பென்டிரைவிலோ வைத்தால் ரீநேம் மறுக்கப்பட்டு 'இஎக்ஸ்டிஇவி' என்ற பிழை வரும். ரீநேமுக்கு முன், பைட்டுகளை வட்டில் இறக்கும் எஃப்சிங்கை அழைக்க மறவாதீர்கள். எழுதியாயிற்று என்று நோட் சொல்வதற்கும், பைட்டுகள் உண்மையிலேயே வட்டில் இறங்குவதற்கும் இடையே கரண்ட் போகும் ஊர்களில் வாழ்கிறோம். மூலக் கோப்பின் அளவுக்குக் காலியிடம் வட்டில் இருக்க வேண்டும் என்பதும், புதிய கோப்புக்குப் பழைய கோப்பின் அனுமதிகளை நாமே கொடுக்க வேண்டும் என்பதும் இதில் அடங்கும்.

எடைமேடை நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாமா?

கூடாது. லினக்ஸில் ரீநேம் வெற்றி பெறும், ஆனால் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் நிரல் பெயரிழந்த பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அதை மூடியதும் அந்த வரிகள் மறைந்துபோகும். விண்டோஸில் பெரும்பாலும் ரீநேமே மறுக்கப்படும், அது ஒருவகையில் நன்மை. வண்டி வராத நேரம் பார்த்து நிரலை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

படிப்பது வேகமாகவும் எழுதுவது மெதுவாகவும் இருந்தால் நினைவகம் நிரம்பாதா?

நிரம்பும். ரைட் என்ற அழைப்பு பொய் என்று திருப்பித் தந்தால், டிரெய்ன் என்ற நிகழ்வு வரும் வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கையால் எழுதுவதைவிட, பைப்லைன் என்ற செயற்கூற்றிடம் இரண்டு ஸ்ட்ரீம்களையும் ஒப்படைத்துவிடுங்கள். காத்திருப்பதையும், பிழை வந்தால் மூடுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

வரி எண் தெரியாது, உள்ளடக்கத்தை வைத்துத் தேடுகிறேன். கண்ணால் பார்த்தால் ஒன்றாக இருக்கும் வரி, ஒப்பிட்டால் பொருந்தவில்லை.

மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள். பொருந்தாதது முதல் வரி என்றால், கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட் முத்திரை இருக்கக்கூடும். நோட் அதைத் தானாக நீக்காது. எந்த வரியும் பொருந்தவில்லை என்றால், கடைசியில் 13 என்ற பைட் ஒட்டியிருக்கலாம்.

மூன்றாவது நம் மொழிக்கே உரியது. போச்சம்பள்ளி என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டில் மூன்று வேறுபடும். பொம்மிடி, மொரப்பூர் என்று ஒகர, ஓகாரம் உள்ள ஊர்கள் எல்லாவற்றிலும் இது நேரலாம். ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் நார்மலைஸ் செய்து, ஒரே குறியீடாகச் சேர்க்கும் 'என்எஃப்சி' வடிவுக்குக் கொண்டுவந்தால் பொருந்தும். ஒப்பிடுவதற்கு மட்டும் அப்படிச் செய்யுங்கள். வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மூலப் பைட்டுகளைக் கொண்டே கணக்கிடுங்கள்.

உலாவியில் செய்ய முடியுமா?

முடியும், அதுவும் எதிர்பாராத அழகோடு. பயனர் தேர்ந்தெடுத்த கோப்பை ஸ்லைஸ் செய்தால் அதன் ஒரு பகுதியைச் சுட்டும் பொருள் கிடைக்கும்; உள்ளடக்கம் அப்போது படிக்கப்படுவதில்லை. தொடக்கம் வரை ஒரு துண்டு, புதிய வரி, முடிவுக்குப் பின் ஒரு துண்டு என்று மூன்றையும் ஓர் அணியில் இட்டு புதிய பிளாப் (பைட்டுகளின் தொகுப்பு) உருவாக்கி, அதைத் தரவிறக்கக் கொடுத்துவிடலாம். இங்கே ஸ்லைஸின் இரண்டாம் எண் சேர்க்கப்படாது. நோட்டின் எண்டுக்கு நேர்மாறு.

நூற்றுக்கணக்கான வரிகளை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாக ஓட்டலாமா?

2 ஜிபி கோப்பில் ஆயிரம் வரிகளுக்கு ஆயிரம் முறை ஓட்டினால் 2 டிபி நகலெடுக்கிறீர்கள். வரி எண்ணையும் புதிய வரியையும் ஒரு மேப்பில் வைத்து ஒரே ஓட்டத்தில் முடியுங்கள். தினமும் இதே வேலை என்றால் உரைக் கோப்பு உங்களுக்கு ஏற்ற இடமல்ல, எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்துக்கு மாறிவிடுங்கள்.

எடை தவறாகப் பதிந்த வரியையும் இப்படியே திருத்திவிடலாம் அல்லவா?

நுட்பத்தில் தடை இல்லை. நான் செய்து தருவதில்லை. ஊர்ப் பெயரின் எழுத்துப் பிழை வேறு, விவசாயி கொண்டுவந்த பெங்களூரா மாங்காயின் கிலோ கணக்கு வேறு. கருவி சொன்னதை அப்படியே விட்டுவிட்டு, கோப்பின் கடைசியில் இன்ன வரிக்கு இன்ன காரணத்தால் இன்ன திருத்தம் என்று புதிதாக ஒரு வரி சேருங்கள். கடைசியில் சேர்ப்பதற்கு நகலெடுக்கவும் தேவையில்லை, தற்காலிகக் கோப்பும் தேவையில்லை.

மாற்றம் சரியாக நடந்ததா என்று எப்படி உறுதி செய்வது?

ரீநேம் செய்வதற்கு முன் இரண்டு கோப்புகளின் அளவையும் கேளுங்கள். பழைய அளவில் பழைய வரியின் பைட்டுகளைக் கழித்து, புதிய வரியின் பைட்டுகளைக் கூட்டினால் புதிய அளவு வர வேண்டும். கிருஷ்ணகிரியைத் தருமபுரி ஆக்கி, வெற்றிடமும் இடவில்லை என்றால், சரியாக ஒன்பது பைட்டுகள் குறைந்திருக்க வேண்டும். ஐந்து கோடியே ஒன்பது குறைந்திருந்தால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருந்த 13ஐ ரீட்லைனிடம் பறிகொடுத்துவிட்டீர்கள். தற்காலிகக் கோப்பை அழித்துவிட்டு பைட் வழியில் மறுபடி தொடங்குங்கள்.